பாக்கு விரிகுடாவின் தெற்கு எல்லை

தரம் பத்தில் புவியியல் ஆசிரியர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, பாக்கு விரிகுடாவின் எல்லைகளைக் குறிக்கச் சொன்னார். வடக்கே பாக்கு நீரிணை, மேற்கே தமிழ்நாட்டுக் கரை, கிழக்கே எங்கள் நாட்டுக் கரை. மூன்றும் சரி. தெற்கே மன்னார் வளைகுடா என்று எழுதிவிட்டேன். இரண்டு கடலுக்கும் நடுவில் மணல்திட்டுகளாகக் கிடக்கும் ஆதாம் பாலம் மறந்துபோயிற்று.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் மலைநாட்டுக் கொட்டகலைக்கு மாற்றலாகி வந்தவர்.

"கடலைக் கண்ணாலையும் காணாத ஆக்களுக்கு அதின்ர எல்லை எதுக்கு? உமக்குத் தேயிலை மலையின்ர எல்லை தெரிஞ்சால் காணும்."

வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் இருந்த பிள்ளைகள்.

பல்கலைக்கழகத்தில் வீம்புக்குப் புவியியலே எடுத்தேன். முதல் விடுமுறையில் தனியாகப் பஸ் ஏறித் தலைமன்னாருக்குப் போனேன். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் கடல் தாண்டி அந்தப் பக்கத்துக் கரைகளில் இறங்கித்தான், காட்டு வழியே மலைக்கு நடந்து வந்தார்கள். அங்கே நின்றால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். கோபம்தான் வந்தது.

போன வருடம் ஹட்டனில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. நடத்துவது நான். வருபவர்கள் பட்டியலில் அந்தப் பழைய ஆசிரியரின் பெயரைப் பார்த்ததும், பெயர்கள் எதுவும் குறிக்காத ஒரு வரைபடத்தை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன்.

"சேர், நீங்க வாங்க. பாக்கு விரிகுடாவக் குறிச்சு, எல்லைகளையும் எழுதுங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வந்தார். விரிகுடா முழுவதற்கும் குறுக்கே 'பாக்கு நீரிணை' என்று எழுதினார்.

"அது வடக்குல இருக்குற ஒடுக்கமான பகுதி, சேர். நான் கேட்டது விரிகுடா."

அழித்தார். திரும்ப எழுத வரவில்லை. உட்காருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ சிரிக்கும்வரை அப்படியே நிற்க வைத்தேன்.

"கடலோரத்துல பிறந்த உங்களுக்கே தெரியலன்னா பிள்ளைங்க என்னங்க சேர் செய்வாங்க?"

தேநீர் இடைவேளையில் பக்கத்தில் வந்தார். "மிஸ் எந்த இடம்?"

"கொட்டகலை. உங்ககிட்ட படிச்சவதான்." அன்று அவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

அவருக்கு நினைவே இல்லை. "நானா சொன்னன்?" என்று கேட்டுவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார். "சொல்லியிருந்தால் பிழைதான் பிள்ளை."

உண்மையாகத்தான் வருந்தினார். எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. வரவுத்தாளில் அவர் பெயருக்கு நேரே 'அரைநாள்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இன்றுவரை அதற்காக நான் வருந்தவில்லை.