டை அடித்துக்கொண்டு கடலுக்குப் போனவர்

காசிமேட்டில் நான் மீன் விற்கும் இடத்தில் எந்த பைக் நின்றாலும், அதன் கண்ணாடியில் குனிந்து தலை வாரிக்கொள்வார், படகில் கூலிக்கு வலை இழுக்கப் போகும் ஒருவர். ஒல்லியான ஆள். நரைத்த மீசைக்கு மேலே தலை மட்டும் கன்னங்கரேலென்று இருக்கும். காது மடலிலும் சாயம் ஒட்டியிருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில்தான் முதலாளிகள் படகுக்கு ஆள் சேர்ப்பார்கள். அப்படி ஆள் எடுத்த ஒரு நாள் காலை அவர் முகம் வீங்கி, ஒரு கண் மூடியபடி வந்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது?"

"டை அடிச்சேன்க்கா, ஒத்துக்கல."

"காதாண்ட கொஞ்சூண்டு தடவிப் பாத்துட்டு அடிக்கக் கூடாதா?"

"பாத்தேன்க்கா. அப்பவே அரிச்சுது. வெள்ளத் தலையப் பாத்தா எவன் போட்டுல ஏத்துவான்?"

"என் தலயும்தான் வெள்ளையா கீது. எவனாவது மீன் வாங்காம போறானா?"

"நீ தராசு புடிக்கிற. நான் வல இழுக்கணுமே."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "கண்ணுல இன்னாய்யா?"

"குளவி கொட்டிச்சு மொதலாளி."

முதலாளி அவர் தலையை ஒரு பார்வை பார்த்தார். "சரி, போய் ஐஸ் ஏத்து."

முதலாளி அங்கே நிற்கிற வரைக்கும் அந்த ஆளின் கை தலைப்பக்கம் போகவே இல்லை. அந்த அரிப்பை எப்படித்தான் பொறுத்தாரோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.