அந்தமான் மேட்டின் கலங்கல்

போன மாதம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, பரணில் கிடப்பதையெல்லாம் இறக்கச் சொன்னாள் என் மனைவி. உடைந்த டேபிள் ஃபேன், மகளின் மூன்று சக்கர சைக்கிள், எதற்கு வைத்தோம் என்றே தெரியாத அட்டைப்பெட்டிகள், இவற்றுக்கெல்லாம் பின்னால் நைலான் கயிறு கட்டிய ஃப்ளெக்ஸ் சுருள் ஒன்று சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பிரித்துக் கூடத்தில் விரித்தேன். ஒரு பக்கம் காதணி விழா. யார் வீட்டுப் பிள்ளையோ, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு சிரிக்கிறது. சுற்றிலும் மாமன்மார்களின் பாஸ்போர்ட் அளவு முகங்கள். திருப்பிப் போட்டால் வரைபடம். நீலத்தில் ஏரி, சிவப்புக் கட்டங்களாக வீடுகள், பச்சைப் புள்ளிகளாக மரங்கள், ஏரியின் ஓரத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு. "இதென்ன, டீயக் கொட்டிட்டீங்களா?" என்றாள் மனைவி. டீ இல்லை. என் வாழ்நாளிலேயே நான் மிகுந்த அக்கறையோடு செய்த தப்பு அது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. விருதுநகர் பக்கம் ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் போடப் படித்துவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் காருக்குப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் அறையில் இருந்த ஐந்து பேருக்கும் அதே கதைதான். அறை இருந்தது சேரப்பணஞ்சேரியைத் தாண்டி, ஒரு ஏரியின் உள்விளிம்பில் துருத்திக்கொண்டிருந்த மேட்டில். அறுபது வீடு இருக்கும். வாடகை குறைவு, கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் நிற்கும், வேறென்ன வேண்டும் என்று வந்து சேர்ந்தோம். முதல் மழைக்காலத்தில்தான் வாடகை ஏன் குறைவு என்று புரிந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் பின்னுக்கு ஏறி வந்து மேட்டை நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ளும். மேட்டுக்கு 'அந்தமான்' என்று பெயர் வைத்தது எங்கள் அறைதான். ஊருக்குப் பேசும்போதுகூட, "அந்தமான்ல இருந்து பேசுறேன்மா" என்போம். அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது.

மெம்பரக்கா எங்கள் கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் மேட்டுக்குப் பஞ்சாயத்து மெம்பரும் அவர்தான். பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டு; புருஷன் நிற்கச் சொல்லி நின்றவர். ஜெயித்தபின் கையெழுத்துப் போடுவதோடு அவர் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், புருஷன் உட்பட. முதல் கூட்டத்துக்கு அந்த மனிதர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப, "நீ வூட்ல இரு, நான் போய்க்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு மெம்பரக்கா தனியாகப் பஸ் ஏறினார். கேன்டீனிலும் அதே குரல்தான். தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் தொலைந்தோம். "இன்னாபா, உங்க ஊர்ல கொட்றதுக்குன்னு தனியா வெளைய வெப்பாங்களா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்பார். அவருக்குப் பயந்தே நான் கத்திரிக்காய் சாப்பிடப் பழகினேன்.

அந்தக் குரல் ஒருமுறை அடங்கியது. அவருடைய தங்கையை அதே மேட்டில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஐப்பசி மழையில் மேட்டைச் சுற்றி இடுப்பளவுத் தண்ணீர் நின்ற ஒரு காலையில் அவளுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நாங்கள் நாலு பேர் தண்ணீரில் இறங்கினோம். எங்கே பள்ளம், எங்கே வரப்பு, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தடவை கட்டில் சாய்ந்தது. மெயின் ரோடு போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. தங்கை பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தவன் நான். அந்தக் கனம் இன்றைக்கும் தோளில் இருக்கிறது. அதன்பின் பத்து நாள் மெம்பரக்கா கேன்டீனில் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எங்களால் தாங்க முடியாமல் இருந்தது.

சுனாமி வந்துபோன அடுத்த ஆண்டு, ஆனி மாதத்தில் இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. தங்கை மறுபடி முழுகாமல் இருக்கிறாள், கார்த்திகைக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள் என்பது ஒன்று. ஏரிக்கரைக்குக் கீழே சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சிகள் வரிசையாக முளைத்திருந்தது இன்னொன்று. புதிதாக வரும் கம்பெனிகளுக்கு லாரி போக ரோடு போடப்போகிறார்கள். ஆள் உயரத்துக்கு மண் கொட்டப்போகிறார்கள். தண்ணீர் போக வழிவிடாமல் அந்த ரோடு எழுந்தால், மேட்டைச் சுற்றி நிற்கும் தண்ணீர் தையில்கூட வடியாது. தண்ணீருக்கு வழி விடச் சொல்லி மெம்பரக்கா மனு எழுதிப் பார்த்தார். ரோடு ஆபீஸ் படத்தில் அங்கே புதர் மட்டும்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. தங்கையை முன்கூட்டியே வேறெங்காவது அனுப்பிவிடலாமே என்று நான் கேட்டேன். "அவள அனுப்பிடலாம்பா. மத்த அறுபது வூட்ட எங்க அனுப்பறது?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் தாலுகாவில் மெம்பர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. நடத்தியவர் சுனாமிக்குப் பிறகு சின்னச் சின்னத் தீவுகளில் வேலை செய்துவிட்டு வந்த ஒரு மேடம். கடல் எந்தப் பக்கம் ஏறும், யார் வீடு முதலில் முழுகும், எந்த வழியாக ஓட வேண்டும் என்று தீவுக்காரர்களே மணலில் வரைந்து, அதை அதிகாரிகள் முன்னால் விரித்ததைச் சொல்லியிருக்கிறார். இனிமேல் கடலும் மழையும் பழைய கணக்குக்கு வராது, அதனால் இடத்தைத் தெரிந்தவர்கள் அதை வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாராம். மெம்பரக்கா எழுந்து, "ஆமா மேடம், மழையும் ஷிப்ட் மாத்திக்கிச்சு. மாசம் பூரா பெய்ய வேண்டியத ரெண்டே நாள்ல ஓ.டி. பாத்து ஊத்திட்டுப் போவுது" என்றிருக்கிறார். அப்படியே அந்த மேடத்தைக் கையோடு மேட்டுக்கு அழைத்தும் வந்துவிட்டார். தான் வேலை செய்தது அந்தமான் தீவுகளில் என்று மேடம் சொன்னதும் எங்கள் அறைப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை வாசலில் வரைந்தோம். மேடம் சுண்ணாம்புப் பொடியை எங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்பில் ஏரிக்கரை, செங்கல் தூளில் வீடுகள், வேப்பிலை வைத்தால் மரம். யார் வீட்டில் தண்ணீர் முதலில் நுழைந்தது என்பதில் ஆரம்பித்த சண்டை முக்கால் மணி நேரம் ஓடியது. ஒருத்தி முழங்காலைக் காட்டுவாள். "உனுக்கு முட்டி, எனுக்கு அடுப்பே முங்கிச்சு" என்று இன்னொருத்தி இடுப்பைக் காட்டுவாள். அந்தச் சண்டையிலிருந்தே எந்த வீட்டில் எவ்வளவு ஆழம் என்ற விவரம் தானாக வந்து விழுந்தது. நீச்சல் தெரிந்தவர் யார், லாரி டியூப் யாரிடம் இருக்கிறது, எந்த வரப்பு தண்ணீருக்கு அடியிலும் காலுக்குக் கெட்டியாக இருக்கும், எல்லாம் தரையில் ஏறின. மூன்று வருடம் அங்கே குடியிருந்த எனக்கு அதில் பாதி தெரியாது. கட்டில் சாய்ந்த இரண்டு இடங்களிலும் மெம்பரக்கா குனிந்து ஒவ்வொரு கல் வைத்தார்.

தரையில் இருந்ததைப் பெயர்த்து வரைவது என் பொறுப்பு. ஒரு வழியாக என் படிப்புக்கு வேலை வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அளவுகோலும் பென்சிலுமாகக் காதணி விழாவின் முதுகில் குப்புற விழுந்து கிடந்தேன். வண்ணத்துக்குக் கம்பெனி மார்க்கர்களும், மேடம் கொண்டுவந்த பெயின்டும். மெம்பரக்கா தலைமாட்டில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏரியின் கீழ்முனைக்கு வந்தபோது, "இங்க கலங்கல்பா. நல்லா பெருசா போடு, அதான் முக்கியம்" என்றார். அதற்குள் பின்னால் சண்டை மறுபடி கிளம்ப, தீர்த்துவைக்கப் போய்விட்டார். நல்லா பெருசா போடு என்றாரே! நான் பழுப்பு பெயின்டைக் குழைத்து, ஓரமெல்லாம் மெல்லக் கரையும்படி, கலங்கிய தண்ணீரைத் தத்ரூபமாகத் தீட்டிவைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள்.

இரண்டு வாரம் நடையாய் நடந்து மெம்பரக்கா ரோடு இன்ஜினீயரை மேட்டுக்கு வரவழைத்தார். ரேஷன் கடைச் சுவரில் படத்தை மாட்டியிருந்தோம். அந்த மனிதர் பொறுமையாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "எல்லாம் போட்டிருக்கீங்க. ஏரித் தண்ணி வெளிய போற எடத்தையே காணோமே? வெளிய போகலன்னா ரோட்டுல எதுக்கு வழி விடணும்?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முன்னால் போய்ப் பழுப்புத் திட்டில் விரலை வைத்து, "இதுதான் சார் கலங்கல்" என்றேன். "இது சேறு தம்பி" என்றார் அவர். மெம்பரக்கா அப்போதுதான் கிட்டே வந்து பார்த்தார்.

"இன்னாபா இது?"

"நீங்கதானக்கா கலங்கல்னு சொன்னீக. கலங்கத் தண்ணி."

"அடப்பாவி! கலங்கல்னா ஏரி ரொம்பி வழியிற கல்லுக்கட்டுடா!"

"அது கலுங்குல்ல? எங்க ஊர்ல கலுங்குன்னுதான சொல்லுவோம்!"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. அறுபது வீட்டுக்காரர்களும் பார்த்துப் பார்த்துச் சொன்ன படத்தில், எது இல்லாவிட்டால் மற்ற எதற்கும் அர்த்தமில்லையோ அதை மட்டும் விட்டுவிட்டேனே. இன்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, திருத்திக் கொடுத்து அனுப்புங்கள் என்று ஜீப்பை நோக்கித் திரும்பினார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். மெம்பரக்கா வழியை மறித்து நின்றார். "படத்துல இல்லன்னா இன்னா சார், தரையில கீது. நீங்களே வந்து பாருங்க. இவன் ஒழுங்கா வரைஞ்சிருந்தா படத்த வாங்கிக்கினு போயிருப்பீங்க. இப்போ உங்க கண்ணால பாத்துட்டுப் போங்க" என்றார். சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தும் போய்விட்டார். அவர் பின்னால் போகாமல் இருக்க யாருக்குத்தான் தைரியம் இருந்தது?

கரையின் கீழ்முனையில் ஒரே வேலிகாத்தான் புதர். அரிவாளால் வழி வெட்டிக்கொண்டு போனோம். இன்ஜினீயரின் பேன்ட் முள்ளில் மாட்டி முழங்காலுக்குக் கீழே கிழிந்தது. புதருக்கு நடுவே, மண் மூடிக் கருங்கல் கட்டு கிடந்தது, பத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்கு. அவர் அதன் மேல் ஏறி நின்றார். நேர் எதிரே, பத்தடியில், அவர்களே அடித்த சிவப்பு முளைக்குச்சி. இறங்கி, கல்லிலிருந்து குச்சிவரை அடிவைத்து அளந்தார். பிறகு, "இத அளந்தவன் மெயின் ரோட்டுல நின்னே அளந்திருக்கான்" என்றார் மெதுவாக. ரேஷன் கடைக்குத் திரும்பியதும், பாகம் சரி என்று அடையாளம் போட நாங்கள் பயன்படுத்தும் மஞ்சள் மார்க்கரை என்னிடமிருந்து மெம்பரக்கா பிடுங்கினார். பழுப்புத் திட்டின் குறுக்கே தடித்த கோடு ஒன்றைப் போட்டு, 'கலங்கல்' என்று எழுதினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதன் கீழேயே 'கலுங்கு' என்றும் எழுதினார். அன்றிலிருந்து மேட்டில் என் பெயரே கலங்கல் என்று ஆகிவிட்டது.

ரோடு வந்தது. கலங்கலுக்கு நேராக, ரோட்டுக்கு அடியில் மூன்று பெரிய குழாய்களும் வந்தன. புதரையும் மண்ணையும் நாங்களே ஞாயிறுதோறும் வாரினோம். அந்தக் கார்த்திகை மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வந்தது, வரத்தான் செய்தது, ஆனால் நிற்கவில்லை. படத்தைப் பார்த்து முதலில் முழுகும் பதினோரு வீட்டுக்காரர்களை முன்கூட்டியே பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தோம். மூன்றாம் நாள் தங்கைக்கு வலி கண்டபோது ஆட்டோ வாசலுக்கே வந்தது. கட்டில் தூக்கத் தயாராக நின்ற நாங்கள் நாலு பேரும் வெறும் கையோடு ஆட்டோவின் பின்னால் ஓடினோம். பெண் குழந்தை. செய்தி வந்தபோது நான் புது ரோட்டின் மேல் நின்று குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலங்கல் வழியாக, நான் குழைத்த அதே பழுப்பில், தண்ணீர் பாய்ந்து போய்க்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

இப்போது தண்டலத்தில் சொந்த வீடு, காலில் ஈரம் படாத வாழ்க்கை. கூடத்தில் விரித்த படத்தைச் சுருட்ட மனமில்லாமல் மெம்பரக்காவுக்குப் போன் போட்டேன். "இன்னா கலங்கல், எப்டி கீற?" என்று அதே குரல். மெம்பர் பதவி போய் வெகுகாலம் ஆகிவிட்டது; கூப்பிடுகிறவர்கள் இன்னும் மெம்பர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். தங்கை மகள் நர்சிங் படிக்கிறாள். படம் கிடைத்ததைச் சொன்னதும், "தூக்கிப் போட்டுடாத. கெழக்கால குடோன் கட்ட மண்ணு கொட்றாங்க. தண்ணி போற வழி மறுபடியும் மாறப்போவுது. ஞாயித்துக்கெழம எடுத்துக்கினு வா" என்றார். இப்போது மேட்டு அறைகளில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், அவர்களையும் உட்காரவைத்துத்தான் வரைய வேண்டும் என்றார். "உன்ன மாதிரி சேறு பூசி வெச்சிடப் போறானுங்க. கலங்கலுக்கு அவங்க ஊர்ல இன்னா பேருன்னு மொதல்ல கேட்டுக்கோ" என்று சொல்லிச் சிரித்தார்.

போனை வைத்துவிட்டு மறுபடி படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். மஞ்சள் கொஞ்சம் மங்கியிருக்கிறது, எழுத்து தெரிகிறது. கலங்கல். அதன் கீழே கலுங்கு. அதற்கும் கீழே, பழுப்புத் திட்டில், இன்னும் இரண்டு பெயர்கள் எழுதத் தாராளமாக இடம் இருக்கிறது. கடைக்குப் போய் மஞ்சள் மார்க்கர் ஒன்று வாங்கி வந்தேன்.