பதினைந்தாவது ஆடு

பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் எத்திராஜின் மினி லாரிக்கு முன்னால் நாற்பது வண்டி நிற்கிறது. அவன் விரல் மட்டும் நிற்கவில்லை. கல் விழ விழ அடுக்குகிற அந்தக் கையடக்க வீடியோ கேமை டக்டக்கென்று அமுக்கிக்கொண்டிருக்கிறான். பேட்டரி மூடி எப்போதோ தொலைந்து, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருக்கிறான். பேட்டரி தீர்ந்தால் பானெட்டின் புழுதியிலேயே கட்டம் கிழித்துப் பக்கத்து டிரைவரைக் கூப்பிடுவான். புத்தூர் போனால் கேரம், நகரியில் செஸ். காசு வைத்து மட்டும் ஆடமாட்டான்.

"காசு வெச்சா அதுவும் லாரி ஓட்ற மாதிரி வேலையாப் பூடும்பா."

தோற்கவும் மாட்டான். தோற்கிற மாதிரி வந்தால் கலைத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவான். தங்கை சுந்தரியின் கல்யாணத்தன்று புது மாப்பிள்ளையோடு கேரம் ஆடி, அவர் ஜெயிக்கப் போகிற சமயம் பவுடர் டப்பாவைப் பலகைமேல் கவிழ்த்தவன். அந்த மாப்பிள்ளைக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அவன் கலைக்காத ஆட்டம் ஒன்றுண்டு. பாலசமுத்திரத்து வீட்டில் இரும்புப் பெட்டிமேல் சுண்ணாம்பால் போட்ட ஆடு புலி ஆட்டக் கட்டம். கோழி கலைக்காமல் இருக்க மேலே முறம் கவிழ்த்திருக்கும். மூன்று கூழாங்கல் புலி. பதினைந்து புளியங்கொட்டை ஆடு. புலி தாவினால் ஆடு போச்சு, மூன்று புலியையும் நகரவிடாமல் அடைத்தால் ஆட்டுக்கு ஜெயம். புலி அவனுடையது. ஆடு, குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற அவன் மனைவி சிவசங்கரியுடையது. நாகலாபுரத்துத் தாய்மாமன் மகள்தான். அவளிடமும் காலண்டர் தாளின் பின்புறம் இதே கட்டம் இருக்கிறது, பேரீச்சங்கொட்டைகளோடு.

வெள்ளிக்கிழமைதோறும் கிரண்குமாரின் போன் பூத்துக்கு அவள் பேசுவாள். வாரத்துக்கு ஓர் ஆடு அவள் வைக்க, ஒரு புலி இவன் நகர்த்துவான். ஓர் ஆட்டம் முடிந்தால் அடுத்தது. கட்டத்தில் கோடுகள் சேரும் புள்ளிகளுக்கெல்லாம் ஊர் இடங்களின் பெயர்தான். மாவு மில், ஏரிக்கரை, பஸ் ஸ்டாப், செல்லியம்மா வூடு, கோடி மூலையில் நம்ம வூடு.

"பொண்டாட்டிய துன்னியா, தூங்கினியான்னு கேளுடான்னா, புலி எங்க கீதுன்னு கேக்கறான்" என்று அவன் அம்மா சுந்தரம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டு வருஷக் கெடு முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கட்டுமா, வந்துவிடட்டுமா என்று மூன்று வாரமாக அவள் கேட்கிறாள். புது வீட்டுக்குச் சுவர் நிற்கிறது, தளம் போடவில்லை. இரு என்று சொல்ல மனசு வரவில்லை. வா என்று சொல்ல வாய் வரவில்லை. "மொதல்ல நீ ஆட்டத்த ஆடு" என்று மூன்று வாரமும் தள்ளிவிட்டான்.

நாலாவது வெள்ளிக்கிழமை. பூத்துக்கு வெளியே முப்பது தடவை நடந்திருப்பான்.

"அண்ணா, போன் ஒச்சிந்தி!" என்று தெலுங்கில் கூப்பிட்டான் கிரண்குமார். ஓடிப்போய் எடுத்தான்.

"மாமா, இருக்கியா போறியான்னு நாளைக்கு மேடம் எழுதிக் குடுக்க சொல்லுது. இன்னா சொல்லட்டும்?"

"நீ எங்க வெச்ச?"

"நான் இன்னா கேக்கறேன், நீ இன்னா கேக்கற! ஏரிக்கரைல வெச்சிக்கினேன். பதினாலு ஆச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்."

அவன் கட்டம் பார்க்கத் தேவையில்லை. இரண்டு புலி ஏற்கனவே அடைபட்டுக் கிடக்கிறது. மூன்றாவது பஸ் ஸ்டாப்பில். ஏரிக்கரை ஆட்டுக்குப் பின்னால் காலி. ஒரே தாவு, ஆடு காலி. அவசரத்தில் வைத்திருக்கிறாள். போன் வயரை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"நம்ம வூட்டுக்குப் போறேன்" என்றான்.

அந்தப் பக்கம் காலண்டர் தாள் சரசரத்தது.

"யோவ் மாமா, கண்ணு அவிஞ்சிப் போச்சா? ஏரிக்கரைல ஆடு நின்னுக்கினு கீது, அத்த வுட்டுட்டு மூலைல போய் குந்தற! மாவு மில்லுல ஒண்ணு வெச்சா முடிஞ்சிபோச்சு உன் கத."

"வெய்யி."

"வெக்கட்டுமா?"

"அங்கேர்ந்து வேணாம். வந்து வெய்யி."

கிரண்குமார் மீட்டரைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்தக் கொட்டைய தொலச்சிடாத" என்றாள் சிவசங்கரி. "உன்ன நம்ப முடியாது."

வீட்டுக்கு வந்து முறத்தைத் தூக்கினான். கூழாங்கல்லை மூலைக்கு நகர்த்தினான். மிச்சமிருந்த புளியங்கொட்டையைச் சட்டையில் துடைத்தான். மேல்பையிலிருந்த வீடியோ கேமை எடுத்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு, கொட்டையை அந்தப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.