டெல்லி அதிகாரிகள் வந்த அன்று பெய்த மழை

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூர் நகராட்சியில் தட்டச்சராக வேலை பார்த்தேன். திருநின்றவூரிலிருந்து தினமும் காலை ரயிலில் போவேன். அப்போது திருவள்ளூரில் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். ஏரி வற்றி, கிணறுகளில் உப்பு ஏறியிருந்தது. குடிநீர்த் திட்டத்துக்கு மாநில அரசு கையை விரித்துவிட, எங்கள் சேர்மன் டெல்லிக்கே ரயிலேறிவிட்டார். அரிசி மண்டி வைத்திருந்தவர். இந்தி தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. அமைச்சக வராந்தாக்களில் காத்துக் கிடந்து, எம்.பி.யை விடாமல் துரத்தி, வறட்சியைப் பார்க்க அதிகாரிகளை அனுப்பச் சம்மதிக்க வைத்தார்.

அவர்கள் வந்த அன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். சேர்மன் வாசலில் நின்று வானத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா இது, இத்தினி மாசமா வராத மழை இன்னிக்கா வரணும்? ஒரே பேஜாரா கீது" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நான் இந்தித் தேர்வுகள் எழுதியிருந்ததால், மொழிபெயர்க்க என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். கடைத்தெருவில் முழங்காலளவு தண்ணீர். "இவர்கள் வெள்ள நிவாரணம் கேட்டிருக்கலாம்" என்று மூத்த அதிகாரி இந்தியில் சொன்னார். சேர்மன் என்னைப் பார்த்தார். நான் அதை மொழிபெயர்க்காமல் வெளியே ஓடிய தண்ணீரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது; முகம் சுண்டிப்போயிற்று.

ஜீப் நின்றுபோகவே, பக்கத்து டீக்கடையில் ஒதுங்கினோம். கடைக்கார அம்மாள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மழைத் தண்ணி ரோட்ல போவுது, எங்க கொடத்துலயா வருது? கெணத்துத் தண்ணில டீ போட்டுத் தரேன், குடிக்கச் சொல்லுமா."

சொன்னேன். அவள் பாலை ஊற்றியதும் டீ திரிந்து திப்பி திப்பியாக மிதந்தது. மூத்த அதிகாரி ஒரு வாய் குடித்தார். துப்பவும் முடியாமல் விழுங்கினார். பிறகு, வேறு கிணறுகளையும் காட்டுங்கள் என்றார். கொட்டும் மழையில் தெருத் தெருவாக நடந்து, வாளி வாளியாக இறைத்து ருசி பார்த்தோம். சேர்மன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழந்தைபோல முன்னால் ஓடினார்.

பணம் வரச் சில வருடங்கள் ஆயின. அதற்குள் நகராட்சி மன்றத்தைக் கலைத்துவிட்டார்கள்; சேர்மனின் பதவியும் போயிற்று. மேல்நிலைத் தொட்டி திறப்பு விழாவில் அவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தார். மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"இன்னாத்துக்குமா? இங்கியே நல்லா தெரியுது" என்றார்.

நானும் மேடைப் பக்கம் திரும்பிப் போகவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.