விலையில்லாத பொருளுக்கு ரசீது

புத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்த ஒரு டி.டி.பி. கடையில் தாட்சாயணி பல ஆண்டுகள் கல்யாணப் பத்திரிகை அடித்தாள். மணமக்களில் தொடங்கி, தாய்மாமன்கள், சித்தப்பாக்கள், கடைசி வரியில் வரும் வாண்டுகள் வரை, நகரி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் பெயர்கள் அவள் விரல் வழியாகத்தான் அச்சுக்குப் போயின. ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதை அவள் கண்ணால் கண்டவள். ஒருமுறை பெண் வீட்டுப் பெரியப்பா ஒருவர் பெயர் விடுபட்டுப் போனது. அந்த மனிதர் பந்தலுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தாலி கட்டி முடியும்வரை உள்ளே வரவில்லை. அத்தனை பெயர்களையும் அடித்தவளின் பெயர் மட்டும் எந்தப் பத்திரிகையிலும் இருந்ததில்லை. அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை, திருப்பதிக்கு வேலைக்குப் போகும் வரை.

திருப்பதியில் அவள் சேர்ந்தது ஸ்வர்ணமுகி காட்சிசாலை என்னும் அருங்காட்சியகத்தில். ஒரு குடும்ப அறக்கட்டளை நடத்துவது அது. மலையிலிருந்து இறங்கியவர்கள், ரயிலுக்கு நேரமிருந்தால் ஆட்டோக்காரர் சொல்லி எட்டிப் பார்க்கும் இடம். பொருள்களுக்கு முன்னால் வைக்கும் விளக்கச் சீட்டுகளைத் தட்டச்சு செய்ய அவளை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள்.

சேர்ந்த சில மாதங்களில் சத்தியவேடு பக்கத்து ஊரிலிருந்து சிலர் வந்தார்கள். தங்கள் ஏரிக்கரையில் இருந்த நடுகல்லை, போரில் செத்த வீரனுக்கு எடுத்த கல்லை, ஊர்ப் பெரியவர்கள் இங்கே பாதுகாக்கக் கொடுத்ததாகவும் அதைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டார்கள். கல் அகப்படவில்லை. பழைய பதிவேட்டில் அதற்கு ஓர் எண், கணினிப் பட்டியலில் வேறோர் எண். வந்தவர்கள் கொண்டுவந்த தேங்காயை உடைக்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள். கல் பிறகு மாடிப்படிக்கு அடியில், கிழிந்த ஃப்ளெக்ஸ் பேனர்களுக்குப் பின்னால், முதுகில் சிவப்புப் பெயிண்டால் எழுதிய மூன்றாவது எண்ணோடு கிடைத்தது. யாரும் அந்த ஊருக்குச் சொல்லி அனுப்பவில்லை. தாட்சாயணிதான் சொன்னாள்.

அதன்பின் அவள் தேட ஆரம்பித்தாள். அருங்காட்சியகப் பொருள்களைப் பதிந்து வைப்பதற்கென்றே பல நாட்டவர் கூடி எழுதிய மென்பொருள் ஒன்று இணையத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அதற்கு விலை கிடையாது. அதன் உரிமப் பத்திரத்தை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை விற்கவும் விற்கலாம். ஆனால் எழுதியவர்களின் பெயர்க் குறிப்பை அழிக்கக் கூடாது. வாங்கியவர் கேட்டால் உள்ளே உள்ள நிரலையும் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவு நேர்மையான ஒரு பத்திரத்தை அவள் அதற்கு முன் படித்ததில்லை.

புத்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஓடும் ரயிலில் காணொளிகளைப் பார்த்துப் பார்த்தே அதை நிறுவக் கற்றுக்கொண்டாள். காட்சிசாலைப் பொருளை வைத்துச் சோதனை செய்ய மனம் வராததால், தன் வீட்டு இட்லிக் குண்டானை முதல் பொருளாகப் பதிந்து பழகினாள். அது தேறிய பிறகே விளக்குகளும் வாள்களும் ஏறின.

காட்சிக்கூடக் காவலர் இஸ்மாயிலுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பொருளைத் தினமும் பார்ப்பவர் அவர்தான். ஆகவே திரையில் வரும் சொற்களை எல்லாம் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றுவது என்று முடிவு செய்தாள். பொருள் உடையாமல், அரிக்காமல் இருக்கிறதா என்று கேட்கும் கட்டத்துக்கு எந்தச் சொல்லைப் போட்டாலும் அவருக்குப் பிடிபடவில்லை.

“பாய், நீங்க காலையில உள்ள போனா மொதல்ல இன்னா பாப்பீங்க?”

“பொருளு சொகமா கீதான்னு பாப்பேன். வேற இன்னா பாக்கப்போறேன்?”

“பொருள் சுகமா” என்றே அந்தக் கட்டத்துக்குப் பெயர் வைத்தாள். இப்படிப் பாதிச் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தவை. முடித்ததும் மூல மென்பொருளை நடத்துபவர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் அதைச் சேர்த்துக்கொண்டு, பணியாற்றியவர்களின் பெயர்கள் வரும் பக்கத்தில், தமிழ், தெலுங்கு மொழியாக்கம் என்பதற்கு எதிரே அவள் பெயரைப் போட்டார்கள். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேருக்கு நடுவே, தாட்சாயணி, புத்தூர். அதை அச்செடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைப்பெட்டியில் மற்றத் தாள்களோடு வைத்தாள். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் ரயிலில் உட்கார இடம் கிடைக்காதது அவளுக்குத் தெரியவே இல்லை.

முறைப்படி அதை ஏற்றுக்கொள்ளும்படி அறக்கட்டளைச் செயலாளர் சிரஞ்சீவியிடம் மனு கொடுத்தாள். காட்சிசாலையை நிறுவியவரின் மகன் அவர். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுவார்.

“இது எவ்ளோம்மா?”

“காசு இல்ல சார். ஃப்ரீ.”

“ஃப்ரீன்னா யார் தராங்க?”

“யாரும் தரல சார். எல்லாருமா எழுதி வெச்சிக்கிறாங்க, நாம எடுத்துக்கினோம்.”

“எடுத்துக்கினோமா? அதி காதம்மா, அப்டி இல்ல. எடுத்துக்கினோம்னு ஆடிட்டர்கிட்ட சொன்னா என்னைத் தூக்கிக்கினு போயிடுவாங்க. இங்க ஒரு தொடப்பம் வாங்கினாகூட மூணு கொட்டேஷன் வேணும். போயி மூணு கொட்டேஷன் வாங்கிக்கினு வா.”

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விட்டிருப்பார்கள். தாட்சாயணி நகரத்தில் மூன்று கணினிக் கடைகளுக்குப் போய், நிலைமையை விளக்கி, விலை ‘இல்லை’ என்று எழுதி முத்திரையிட்ட மூன்று தாள்களை வாங்கி வந்தாள். கோப்பு தணிக்கைக்குப் போனது. மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே தொகையாக உள்ளன, கூட்டுச் சேர்ந்து கொடுத்ததாக ஐயம் எழுகிறது என்று குறிப்பெழுதித் திரும்பி வந்தது. உரிமப் பத்திரத்தை இணைத்து விளக்கம் எழுதினாள். இம்முறை, ரசீது இல்லாத பொருள் இருப்பில் இல்லாததாகவே கருதப்படும் என்று வந்தது. இருப்பில் இல்லாத அந்தப் பொருளுக்குள் அப்போது காட்சிசாலையின் முக்கால்வாசிப் பொருள்கள் படத்தோடும் இருப்பிடத்தோடும் ஏறியிருந்தன. அறக்கட்டளைக்காரர்கள் அதே திரையைப் பார்த்துத்தான் வந்த விருந்தாளிகளுக்கு ஐம்பொன் விளக்கு எங்கே இருக்கிறதென்று காட்டினார்கள்.

பிறகு சென்னைக் கம்பெனி ஒன்று வந்தது. சிரஞ்சீவி அவளை அழைத்து, அவர்கள் பார்த்துப் படிக்க வேண்டுமாம், ஒரு பிரதி கொடு என்றார். கேட்டவருக்குக் கொடுப்பதுதான் அதன் தர்மம் என்று நம்பியவள், பென் டிரைவில் ஏற்றி, எப்படி நிறுவுவது என்று ஒரு விளக்கத் தாளும் எழுதிக் கொடுத்தாள். கொடுத்ததற்கு ஒப்புகைக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து, காட்சிசாலைக் கூடத்தில் குத்துவிளக்கேற்றி, அந்தக் கம்பெனி காட்சிசாலைக்கு விற்ற ‘புராதன் ப்ரோ’ என்னும் மென்பொருள் அறிமுகமானது. அறங்காவலர்கள் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். கம்பெனியின் சார்பில் ஹர்ஷினி என்னும் இளம்பெண் திரையை இயக்கினாள். திரையில் பழைய நீலம் போய்க் காவி வந்திருந்தது; மூலையில் ஒரு கோபுரச் சின்னம். மற்றபடி ஒவ்வொரு கட்டமும் தாட்சாயணிக்குத் தன் வீட்டு அலமாரியைப் போலத் தெரிந்தது. ‘பொருள் சுகமா’ கூட அப்படியே இருந்தது.

“இப்ப உங்க கலெக்ஷன்ல முதல் ஆப்ஜெக்டை ஓபன் பண்றேன்” என்று ஹர்ஷினி அழுத்தினாள். திரை முழுவதும் ஓர் அலுமினியப் பாத்திரம் வந்து நின்றது. அவள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். “இட்லிக் குண்டான். ஒரு பக்கக் கைப்பிடி இல்லை. இருப்பிடம், தாட்சாயணி வீட்டுச் சமையலறை, கீழ்த்தட்டு.”

கூடம் சிரித்தது. அறங்காவலர் ஒருவர், “எந்த ராஜா காலத்து இட்லிம்மா இது, சூடா கிடைக்குமா?” என்றார். மறுபடியும் சிரிப்பு. ஹர்ஷினியும் சிரித்தாள். கள்ளம் வெளிப்பட்டுவிட்டதே என்று அந்தக் கூடத்தில் ஒருவர் முகமும் சுண்டவில்லை. அதுதான் தாட்சாயணியைச் சுட்டது.

அவள் எழுந்தாள். “அது என்னுது.”

“குண்டானா, சாஃப்ட்வேரா?” என்றார் சிரஞ்சீவி.

“குண்டான் என்னுது சார். சாஃப்ட்வேர் எல்லாருதும். அதுல எழுதினவங்க பேரு போட்ட பக்கம் ஒண்ணு இருந்திச்சு. அது எங்க?”

அடுத்த பொருளுக்குப் போகும்படி சிரஞ்சீவி கையசைத்தார்.

மாலையில் தம் அறைக்கு அழைத்தார். ஹர்ஷினியும் இருந்தாள்.

“மேடம், ஓபன் சோர்ஸ்னா யார் வேணா யூஸ் பண்ணலாம், விக்கலாம். லைசென்ஸ்லயே இருக்கு” என்றாள் அவள்.

“நீங்க வித்ததை நான் தப்புன்னு சொல்லலம்மா. பேரை அழிச்சீங்க பாரு, அதைச் சொல்றேன். அதே லைசென்ஸ்ல அடுத்த வரியில கீது, படிச்சிக்கினு வா.”

“அந்தப் பக்கத்தை நான் எடுக்கல மேடம். பிராண்டிங் டீம்தான்.”

சிரஞ்சீவி நடுவில் புகுந்தார். “தாட்சாயணம்மா, அடுத்த விழா அன்னைக்கு உனக்கும் ஒரு சால்வை போடச் சொல்றேன். சரியா? பேரு தானேம்மா.”

“பேரு தானா சார்? வெளிய கேட்டு மேல உங்க நைனா பேரை எழுதி வெச்சிக்கிறீங்களே. நாளைக்கு நான் ஏணி போட்டு அதை அழிச்சிட்டு, பேரு தானேன்னு ஒரு சால்வை குடுத்தா, போத்திக்கினு போவீங்களா?”

அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்தபோது அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. புதிய மென்பொருளில் பயிற்சி பெற்ற பணியாளர் தேவைப்படுவதால் அவளது ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று அதில் கண்டிருந்தது. அவள் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு மடிக்காமல் பெட்டியில் வைத்தாள்.

கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் இரண்டு முறை எழுதினாள், பதில் இல்லை. மூல மென்பொருளை நடத்தும் வெளிநாட்டவருக்கும் எழுதினாள். அவர்கள் கம்பெனிக்கு ஒரே ஒரு கடிதம் போட்டார்கள். வெள்ளைத் தாளில் வெளிநாட்டு முகவரியைக் கண்டதும், எடுத்துவிட்டிருந்த பெயர்ப் பக்கம் மென்பொருளுக்குள் திரும்பி வந்துவிட்டது. பிரான்சுக்காரர் பெயர், பிரேசில்காரர் பெயர், எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. தமிழ், தெலுங்கு மொழியாக்கம் என்பதற்கு எதிரே மட்டும் ‘புராதன் ப்ரோ குழு’ என்று போட்டிருந்தார்கள். யாருடைய பெயரை வைத்தாக வேண்டும், யாருடைய பெயரை வைக்காவிட்டாலும் கேட்க நாதியில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தாட்சாயணி இப்போது சித்தூருக்குப் போகிறாள். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், மாம்பழ மண்டிகளுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் சிறிய காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ என்று அவள் சொன்னபோது, “நல்லதாப் போச்சு, எப்ப ஏத்தலாம்?” என்று கேட்டார்கள். கோப்பு என்ற பேச்சே எழவில்லை.

போன வெள்ளிக்கிழமை அங்கே இருக்கும்போது இஸ்மாயில் பாய் அழைத்தார். திரையில் ஒரு பொருளை மேல் கூடத்திலிருந்து கீழ்க் கூடத்துக்கு மாற்றத் தெரியாமல் எல்லோரும் முழிப்பதாகச் சொன்னார்.

“பயிற்சி பெற்ற ஆளுங்க கீறாங்களே பாய், அவங்களைக் கேளுங்க.”

“அவங்கதான் தங்கச்சி உனுக்குப் போன் போடச் சொன்னாங்க.”

அவள் சிரிக்கவில்லை. எங்கே அழுத்த வேண்டும் என்று சொன்னாள். பொருள் மாறியது. பிறகு மனத்தில் இருந்ததெல்லாம் கொட்டினாள். “குழுவாம் பாய், குழு. அந்தக் குழுவுல எவனாச்சும் ‘பொருள் சுகமா’ன்னு எழுதுவானா? அந்த வார்த்தைக்கு அவனுங்க எங்க போவாங்க?”

“அது நான் சொன்னதாச்சே.”

“ஆமா பாய்.”

“அப்போ அசல்ல, உன் பேரு போட்டுக் கீற பக்கத்துல, என் பேரு கீதா?”

மண்டியில் யாரோ கூடையை இறக்கும் சத்தம் கேட்டது.

“சும்மா கேட்டேன் தங்கச்சி” என்றார் பாய். “நீ சொல்லுவியே ஒரு பெரியப்பா கதை. நாற்காலி போட்டுக்கினு வெளிய குந்தினு இருந்தாரே. அந்த மாதிரி நானும் இங்க நாற்காலியிலதான் குந்தினு கீறேன்.”

அழைப்பு முடிந்தபின் அவள் மூல மென்பொருள்காரர்களுக்கு எழுதினாள். விடுபட்டது தன் பிழை என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டாள். பெயரை எப்படிப் போட வேண்டும் என்று பாயிடம் திரும்பக் கேட்டதற்கு, “ஷேக் இஸ்மாயில்னு முழுசா போடு. தமிழ்லயும் போடு, தெலுங்குலயும் போடு. இங்கிலீஷ்ல இருக்கறதை நான் படிக்கவா போறேன்” என்றார். இரண்டே நாளில் அசல் பக்கத்தில் அவர் பெயர் ஏறியது, அவள் பெயருக்கு முன்னால். அப்படித்தான் அவள் கேட்டிருந்தாள்.

அதை அச்செடுத்து இணைத்து, கம்பெனிக்கு மூன்றாவது கடிதத்தைச் சித்தூர் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்தாள். முதலிரண்டு கடிதங்களின் பொருள் வரியில் ‘விடுபட்ட பெயர்’ என்று இருந்தது. இந்த முறை ‘விடுபட்ட பெயர்கள்’ என்று எழுதியிருந்தாள்.