பாடி இளம்பச்சை, நாலு மயில்கண்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தனசேகர் இறந்துபோய்விட்டான் என்று அவன் அண்ணன் போனில் சொன்னபோது, நான் சமையல் மேடைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். கீழே தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அந்துப்பூச்சி. காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை விற்றுப் பிழைக்கிறவனுக்குப் பூச்சி என்றால் நடுக்கம். மேடையில் நின்றபடியே அழுதேன். மனைவி வந்து பூச்சியை முறத்தில் ஏந்தி வெளியே விட்டுவிட்டு, "இப்ப எறங்கி அழுங்க" என்றாள்.

எங்கள் கடையில் புடவை எடுத்தவர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கும். என் பக்கத்துக் கவுன்டர். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவான். அண்ணன் குடும்பத்தோடு இருந்தான். அவனுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஊரில் மூன்று கதைகள் உலவின. மூன்றும் நான் கிளப்பியவை. உண்மைக் காரணம் அவ்வளவு சுவாரசியமானதல்ல என்பதால் இங்கே தவிர்க்கிறேன்.

விடிந்ததும் வீட்டு வாசல் விளக்கடியிலும் சுவர்களிலும் பெரிய பூச்சி ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுவது அவன் வேலை. இங்கிலீஷ் பெயர்கள் அவன் வாயில் நிற்கவில்லை. அதனால் புடவைக்குச் சொல்வதுபோலவே பூச்சிக்கும் அடையாளம் சொல்லுவான். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரெதிரே நிறுத்தப் பார்த்தான். "மொதல்ல பார்டரப் பாருபா, அப்புறம் பாடி. கஸ்டமர் மாதிரி எடுத்தவுடனே கசக்காத." நான் கசக்குவதா? கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரளிச் செடியில் ஒருமுறை பச்சையும் ரோஸும் இழைந்த பூச்சி ஒன்று கிடைத்தது. அதன் இறக்கையை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்துப் பூச்சி பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினான். அதாவது, அனுப்புவதாக நினைத்தான். போனது கடையின் வாடிக்கையாளர் குழுவுக்கு. 'ரெண்டு எடுத்து வையுங்க. அசல்தானே?' என்று கேட்டார் ஓர் அம்மாள். 'அசல்தாம்மா, ஆனா பறந்துடுச்சி' என்று பதில் போட்டான். முதலாளி இரண்டு நாள் அவனிடம் பேசவில்லை.

அவன் படாத பாடுபட்டுக் காப்பாற்றியது வீட்டுக் கொல்லையிலிருந்த ஒதிய மரத்தை. அண்ணனுக்குக் கார் ஷெட் கட்ட வேண்டும். மரம் வெட்டும் ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது. "இந்த மரத்து எலயத் தின்னுதான் அந்த வால் வெச்ச பூச்சியோட புழு வளருதுண்ணா. இத வெட்டினா அது எங்க போவும்?" என்று கெஞ்சினான் தனசேகர். "எந்தப் பூச்சிடா? நீ மட்டும் பாத்துக்கினு இருக்கற பூச்சியா?" என்றார் அண்ணன்.

ஆள் அரிவாளோடு வந்த காலையில் அந்தப் பூச்சி கொல்லைச் சுவரில் உட்கார்ந்திருந்தது. தனசேகர் வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுவிட்டான். நானும் போயிருந்தேன், பாதுகாப்பான தூரத்தில். கல்யாணப் பார்ட்டிக்குப் புடவை விரிக்கிற குரலில் ஆரம்பித்தான்: "பாருங்க அண்ணி, பாடி இளம்பச்சை. மேல அரக்கு பார்டர். எறக்கைக்கு ஒண்ணா நாலு மயில்கண்ணு. வாலப் பாருங்க, முந்தானை எப்படித் தொங்குது!"

அண்ணி வெகுநேரம் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பி, "உங்க கார் தெருவுலயே நிக்கட்டும்" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் தனசேகர் என்னைக் கையைப் பிடித்து இழுத்தான். "கிட்ட வாபா. புழு பூச்சியாயிட்டா அதுக்குத் தின்ன வாயே கெடையாது. உன்ன மாதிரி இல்ல."

காரியத்தன்று அந்தக் கொல்லையில்தான் பந்தி. மரத்தை இனி என்ன செய்வீர்கள் என்று அண்ணனிடம் கேட்காமல், அவரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "இருக்கட்டும்பா. அவன் இருந்தாப்போல இருக்குது."

தனசேகரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். முதல் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்று ஒவ்வொரு இலையாகப் பார்க்கிறேன். அண்ணி காபி தருகிறார். அண்ணன்கூட இப்போது அண்ணாந்து பார்க்கிறார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். அந்த மரத்தில் இன்றுவரை ஒரு புழுவைக்கூட நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தனசேகரையும் சேர்த்துத்தான்.