தாடை வீங்கிய மஞ்சள் மீன்

அக்காவுக்குக் கோபம் வந்தால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும். பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. "இன்னும் நல்லாத் திறங்க" என்று நாள் முழுக்க அடுத்தவர் வாயோடு மல்லுக்கட்டுகிறவள், தன் வாயைக் கொஞ்சம் மூடியிருந்தால் எவ்வளவோ தேவலை. மகன் பெண்டாட்டியோடு தனிக்குடித்தனம் போகிறேன் என்றதும், "போனா போனதுதான். திரும்ப இந்தப் பக்கம் தலை காட்டாதே!" என்று சொல்லிவிட்டாள். அவனும் காட்டவில்லை. ரோஷத்தில் அம்மாவுக்கு இளைத்தவனா என்ன? வெறிச்சென்று கிடந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். மகனைப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது. வீம்புதான் விடவில்லை.

தம்பி பஸ் ஓட்டுகிறான், ஒண்டிக்கட்டை. கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து ஆப்பிரிக்க ஏரி மீன் வளர்க்கிறான். சிக்லிட் என்று பெயர். எலுமிச்சை மஞ்சளும் நீலமுமாக, கல்லிடுக்குகளில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும்.

"இதுங்களும் உன்ன மாதிரிதாங்க்கா. எப்பப் பாரு சண்டை" என்பான்.

அவன் டூட்டிக்குப் போனால் தீனி போடுவது அக்கா. அப்படிப் போடும்போதுதான் கவனித்தாள், ஒரு மஞ்சள் மீன் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் ஒதுங்கி நின்றது. தாடை உப்பியிருந்தது. எத்தனை தாடை பார்த்தவள்! பல்லில் சீழ் கட்டியிருக்கிறது, சந்தேகமே இல்லை. வலையால் பிடித்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, வாயைத் திறந்து பார்க்க இடுக்கியோடு உட்கார்ந்தபோது தம்பி உள்ளே வந்தான்.

"ஐயையோ! என்னக்கா பண்றே?"

"பல்லு வீங்கிக் கிடக்குடா, பாவம்."

"பல்லுமில்ல, சொத்தையுமில்ல! வாய்க்குள்ள குஞ்சு இருக்கு. முட்டை போட்டதுமே வாயில அள்ளி வச்சுக்கும். குஞ்சு நீந்துற வரைக்கும் அதுக்குச் சாப்பாடு கிடையாது. பயந்துச்சுன்னா துப்பிடும், இல்ல முழுங்கிடும்."

அக்கா இடுக்கியைக் கீழே போட்டாள். "முழுங்கியிருக்குமாடா? நான் ஒரு பாவி!"

தம்பி மெல்லக் கிண்ணத்தைத் தூக்கி, மீனைத் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் விட்டான். தாடை உப்பினது உப்பினபடியே இருந்தது. அன்றிலிருந்து அக்கா அந்த வீட்டில் குசுகுசுவென்றுதான் பேசினாள். "உங்க அக்கா ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரரே தம்பியிடம் விசாரித்தார்.

ஒரு காலையில் டீயும் கையுமாக எட்டிப் பார்த்தால், தாய் மீனைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குஞ்சுகள்!

"டேய் தம்பி! வந்து பாருடா!"

போட்ட சத்தத்தில் குஞ்சுகள் வெலவெலத்துப் போயின. தாய் வாயைத் திறந்தது. அத்தனையும் திமுதிமுவென்று உள்ளே ஓடிப் புகுந்துகொண்டன.

"என்னடா இது? வெளிய விட்டதுங்கள மறுபடி உள்ள சேத்துக்குது?"

"கொஞ்ச நாளைக்கு அப்படித்தாங்க்கா. பயந்து ஓடி வந்தா சேத்துக்கும்."

அக்கா டீயைக் கீழே வைத்தாள். மீனையே பார்த்தபடி நின்றாள். தான் பெற்றதைத் தானே விரட்டினோமே என்று நெஞ்சு வலித்தது. போனை எடுத்து மகனை அழைத்தாள்.

"அம்மா?" என்றான். குரலில் பயம்.

"சாப்பிட்டியாடா?"

அவன் மெல்லக் கேட்டான்: "நாங்க வீட்டுக்கு வரட்டுமாம்மா?"

வாங்கடா என்று சொல்லத்தான் நினைத்தாள். அழுகைதான் வந்தது.